இடது காலில் ஒரு மருந்துக் கறை

என் கால்களை நான் நேருக்கு நேர் பார்த்து ஐந்தாறு வருடம் இருக்கும். நின்றால் வயிறு மறைக்கும், உட்கார்ந்தால் மடி மறைக்கும். குனிந்து பார்க்க வேண்டியதுதானே என்பவர்கள், நூற்றி நான்கு கிலோவைச் சுமந்துகொண்டு ஒரு நாள் குனிந்து பார்த்துவிட்டு வந்து பேசட்டும். கால் இருக்கிறது, நடக்கிறது, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

என் பெயர் பத்திரகாளி. வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஆமத்தூரில் அம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறேன். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் குழாய்க்குள் மருந்து செலுத்தும் வேலை. மருந்து என்றால் எங்களுக்கு வெடிமருந்துதான். பதினெட்டு வருடமாக அதே வேலை.

காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வரும். கடைசி சீட்டு எனக்கு. அது மூன்று பேர் சீட்டு. நான் உட்கார்ந்த பிறகு அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. கொஞ்சம் நெருக்கினால் ஓர் ஆள் உட்காரலாம். ஆனாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் வருவார்கள். கூப்பிட்டால், "இருக்கட்டுங்க்கா, நீங்க தாராளமா உக்காருங்க" என்பார்கள். அந்தத் தாராளத்தைக் கேட்டால் எனக்கு எரிச்சலாக வரும். சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எனக்குப் பிடித்த இடம் கம்பெனியில் எங்கள் அறைதான். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும். நான், எனக்கு எதிரே பாண்டிமீனா, பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். சின்ன அறை. அங்கே யாரும் என்னைவிட்டுத் தள்ளி உட்கார முடியாது. பாண்டிமீனாவுக்கு முப்பது வயது, ஒல்லி, வாய் ஓயாது. ஆமத்தூரில் எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் மாமியாரோடு போடும் சண்டை, பிள்ளைகள் இரண்டும் வாங்கிய மார்க் எல்லாம் எனக்கு மனப்பாடம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டி உள்தாழ்ப்பாள் போட்டால், மறுநாள் வேன் ஏறும்வரை பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு ஆகாது.

குண்டாக இருப்பவர்களுக்கு என்னென்ன வியாதி வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சுகர், பிரஷர், மூட்டுவலி, நெஞ்சுவலி. எல்லாம் டாக்டர்கள் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தியது. காதுவலி என்று போனாலும் "எடையைக் குறைங்க" என்பார்கள். காதில் எவ்வளவு எடை இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தேன் ஒரு முறை. அதற்குப் பிறகு போவதையே விட்டுவிட்டேன். வருடத்துக்கு ஒரு தடவை கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் போடுவார்கள். எடை மெஷினில் நான் ஏறும்போது வரிசையில் ஒரு சிரிப்பு ஓடும். பிறகு சுகர் பார்ப்பார்கள், நார்மல். பிரஷர் பார்ப்பார்கள், நார்மல். ஒல்லிக்குச்சி பாண்டிமீனாவுக்கு பிரஷர் இருக்கும். "ஏ பாண்டி, நம்ம உடம்புல இருக்குறது அம்புட்டும் சுத்தமான சதையாக்கும்" என்று அவள் முன்னால் என் தோள்பட்டையைத் தட்டிக் காட்டுவேன். அந்த இரண்டு நார்மலை வைத்துக்கொண்டு அடுத்த கேம்ப் வரை நிம்மதியாக இருந்துவிடுவேன்.

நரம்பு சுருட்டு என்று ஒரு வியாதி இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. விருதுநகரில் ஒரு பரோட்டாக் கடை மாஸ்டர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லுக்கு முன்னால் நிற்பார். கெண்டைக்காலில் பச்சை நரம்புகள் முறுக்கி முறுக்கிக் கிடக்கும். அது நிற்கிறவர்களின் வியாதி. நான் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவள். என் காலில் ஒரு நரம்பும் வெளியே தெரியாது. சாயங்காலமானால் கால் கனக்கும், வீங்கும், கெண்டைச் சதை இழுத்துப் பிடிக்கும்தான். உடம்பு இவ்வளவு கனம் இருந்தால் கால் கனக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொள்வேன். குண்டு உடம்பில் எது வலித்தாலும் காரணத்தைத் தேட வேண்டியதில்லை, அதுதான் கண் முன்னால் மலைபோல இருக்கிறதே.

கறையை முதலில் பார்த்தது பாண்டிமீனாதான். இரண்டு வருடம் இருக்கும்.

"அக்கா, ஒங்க இடது கால்ல, கணுக்கால் உள்பக்கம், மருந்து ஒட்டிக் கிடக்கு."

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் எல்லோருக்கும் உண்டு. கை, கழுத்து, நகக்கண் எங்கும் அலுமினியப் பவுடர் ஏறிச் சாம்பல் பூத்திருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பாதி போகும், பாதி தங்கும். நான் வலது காலை மடக்கி இடது காலை நீட்டி உட்காருவேன். மருந்துத் தட்டு அந்தக் காலை ஒட்டித்தான் இருக்கும். மருந்து அங்கே சிந்தாமல் வேறு எங்கே சிந்தும்?

"எங்களுக்கெல்லாம் கையில, ஒங்களுக்கு மட்டும் கொலுசு போட்ட மாதிரி கால்ல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

போன தீபாவளி முடிந்ததும் கம்பெனி ஒன்றரை மாதம் பூட்டிக் கிடந்தது. ஒன்றரை மாதமும் நான் டிவியோடு பேசிக்கொண்டிருந்தேன். திறந்த அன்று பூஜை முடிந்து அறையில் உட்கார்ந்ததும் எல்லோர் கையையும் பார்த்தேன். சாம்பல் போய், கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்கள் கை மாதிரி வெளுத்திருந்தது. பாண்டிமீனா என் காலைப் பார்த்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு மட்டும் போகவே இல்லியே. முன்னைக்கு இப்பத்தான கருப்பா இருக்கு. குளிக்கையில தேய்ப்பீகளா மாட்டீகளா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. குண்டாக இருப்பவளைப் பார்த்து எல்லோரும் நினைத்துக்கொண்டு யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வார்த்தை உண்டு, அழுக்கு. அன்று சாயங்காலமே பாத்ரூம் கழுவும் நீளப் பிரஷின் நுனியில் காய்ந்த பீர்க்கங்காய் நாரை வைத்துக் கட்டினேன். முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, கை எட்டாத அந்த இடத்தைக் குத்துமதிப்பாகத் தேய்த்தேன். எண்ணெய் விட்டுத் தேய்த்தேன், பாத்திரம் விளக்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். ஐந்தாம் நாள் தரையில் ஓடிய தண்ணீர் சிவப்பாக இருந்தது.

தோல் உரிவது எங்கள் வேலையில் சகஜம். மஞ்சள் வைத்தால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். இது ஆறவில்லை. மார்கழி போய் தை வந்தது, தை போய் மாசி வந்தது. போனில் போட்டோ எடுத்துத்தான் நான் அதைப் பார்த்தேன். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குழி, சுற்றிலும் காப்பிக்கொட்டை நிறத்தில் தோல். வலி பெரிதாக இல்லை, நீர்தான் கசிந்துகொண்டே இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டினால் விரல் நுனி படும். ஒரு முடிச்சுப் போடுவதற்குள் கண் இருட்டும். அப்படி ஒரு பழந்துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

யாரிடமும் சொல்லவில்லை. திறந்த காயத்தோடு மருந்து அறைக்குள் வரக் கூடாது என்பது கம்பெனியில் சட்டம். போர்மேன் சண்முகவேல் அண்ணன் கண்ணில் பட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மறுபடி அந்த டிவியிடம் போய் உட்கார வேண்டும். சேலையைக் கணுக்கால் மறைய இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மாசிக் கடைசியில் வாடை வர ஆரம்பித்தது. புண்ணுக்குப் பயப்படாதவள் வாடைக்குப் பயந்தேன். லீவு போட்டுவிட்டு விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுகர் புண், கடைசியில் வந்தேவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நார்மல்.

"சுகர் இல்லைல்ல சார்? அப்புறம் ஏன் ஆற மாட்டேங்குது?" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகிறவள் மாதிரி கேட்டேன்.

சின்ன வயது டாக்டர். எடையில் ஆரம்பிப்பார் என்று பதிலோடு காத்திருந்தேன். அவர் குனிந்து என் காலைப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கால்ல இருந்து ரத்தத்தை மேல கொண்டு போற குழாய்ல வால்வு இருக்கும்மா. உங்களுக்கு அது சரியா மூடல. ரத்தம் கீழயே தேங்குது. நரம்பு சுருட்டுன்னு சொல்வாங்கள்ல, அந்த வியாதிதான்" என்றார்.

"நான் உக்காந்து வேலை பாக்குறவ சார். என் கால்ல ஒரு நரம்பு வெளிய தெரியாது."

"உள்ள இருக்கு, சதை மூடியிருக்கு. நின்னுக்கிட்டே இருந்தாலும் வரும், அசையாம உக்காந்தே இருந்தாலும் வரும். வயித்தோட கனம் அழுத்துறதாலயும் வரும். உங்களுக்கு வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம், யாரும் சொல்லலியா?"

"சொல்லலையே. அப்ப அந்த மருந்துக் கறை?"

"அது மருந்து இல்லம்மா. தேங்குன ரத்தம் தோலுக்குள்ள கசிஞ்சு, அந்த நிறம் தங்கிருச்சு."

பாத்திரச் சோப்பைப் போட்டு நான் தேய்த்துக் கழுவப் பார்த்தது என் சொந்த ரத்தத்தை. சுகர் வருமா பிரஷர் வருமா என்று வருடக்கணக்காக வாசலிலேயே காவல் நின்றேன். இது கொல்லைப்புறமாக வந்து இரண்டு வருடம் என்னோடு குடியிருந்திருக்கிறது.

கட்டுப் போட்ட நர்ஸ் பெயர் ஞானதீபம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஸ்டூலில் உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கூச்சத்தில் காலை இழுத்தேன். "சும்மா இருங்கம்மா" என்று விடவில்லை. அம்மா செத்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு என் காலை யாரும் தொட்டதில்லை; காலை என்ன, கையைக்கூடத் தொட்டதில்லை. அழுகை வந்துவிட்டது. வலிக்குதா என்றார். ஆமாம் என்றேன்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. தெனமும் ராத்திரி கட்ட அவுத்துரணும். காலையில கண்ணு முழிச்சதும் படுக்கைய விட்டு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி கட்டணும். எந்திரிச்சுட்டா ரத்தம் கீழ இறங்கிரும், அதுக்கப்புறம் கட்டிப் பிரயோசனம் இல்ல. விரல்ல ஆரம்பிச்சு முட்டிக்குக் கீழ வரைக்கும். கீழ இறுக்கமா, மேல போகப் போக லேசா. ஒங்களால குனிய முடியாது. வீட்டுல யாரு இருக்காக கட்டிவிட?"

"தங்கச்சி இருக்கா" என்றேன்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. யாரும் இல்லை என்று சொல்ல அவமானமாக இருந்தது. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஓர் ஆளைக்கூடச் சம்பாதிக்காமல் இருந்திருக்கிறேனே என்று நினைப்பார் என்று தோன்றியது.

அந்த வாரம் முழுக்க நானே கட்டிப் பார்த்தேன். கட்டுத்துணியின் ஒரு முனையை சன்னல் கம்பியில் கட்டிவிட்டுக் காலைச் சுழற்றிப் பார்த்தேன். ஒருக்களித்துப் படுத்து, இடுக்கியால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். யாராவது பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள், பார்க்கத்தான் ஆளில்லை. கீழே தொளதொளவென்றும் மேலே இறுக்கமாகவும் ஒரு கட்டு வந்தது. பாதம் மரத்துப்போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஞானதீபம் அதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி கட்டுனதா இது?" என்றார். "இப்படிக் கட்டுறதுக்குக் கட்டாமலே இருக்கலாம்மா. புண்ணு பெருசாயிருக்கு. ஞாயித்துக்கிழம சர்ச்சு முடிஞ்சு ட்யூட்டிக்கு வந்துருவேன். தங்கச்சியக் கூட்டியாங்க, சொல்லித் தாரேன்."

தங்கச்சிக்கு நான் எங்கே போவேன்? மறுநாள் வேலைக்குப் போய் அதே யோசனையில் உட்கார்ந்திருந்தேன். பங்குனி வெயிலில் அறை காந்தியது. காலில் நீர் கசிவு அதிகமாகி, கட்டையும் மீறி ஒரு சொட்டு தரையில் விழுந்தது. தட்டுக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. பாண்டிமீனா அதைப் பார்த்துவிட்டாள். அவள் கை அப்படியே நின்றது.

எங்கள் வேலையில் தீக்கு எவ்வளவு பயப்படுவோமோ அவ்வளவு ஈரத்துக்கும் பயப்படுவோம். ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடாகும். முகத்தில் வியர்வை சொட்டினாலே எழுந்து வெளியே போய்த் துடைத்துவிட்டு வருவோம். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

பாண்டிமீனா சத்தம் போடவில்லை. தட்டை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்தினாள். "அக்கா, தண்ணி குடிச்சிட்டு வருவோம், வாங்க" என்று எழுந்தாள். வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தி, "என்னக்கா அது?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிரஷ், ரத்தம், ஆஸ்பத்திரி, தங்கச்சி என்று சொன்ன பொய் வரைக்கும். அவளுக்கு முகமே மாறிவிட்டது.

"மூணு மாசமாவா? நாலு உசுரு இருக்குற ரூம்புலயா? எனக்கு ரெண்டு புள்ளைக இருக்குக்கா."

சேலையை இழுத்துக் காலை மறைத்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவாக. வீட்டுல எனக்கு யாரு இருக்கா பாண்டி?"

சொல்லிவிட்டேன். நர்ஸிடம் வராத வார்த்தை அவளிடம் வந்துவிட்டது. அவள் கம்பெனி ஆபீஸ் பக்கம் கையைக் காட்டினாள்.

"மொதல்ல போர்மேன்ட்டப் போயிச் சொல்லுங்க. இப்பமே. சொன்னாத்தான் நாளைக்கு நான் ஒங்க கூட ஆஸ்பத்திரிக்கு வருவேன்."

சண்முகவேல் அண்ணன் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ஆறுறதுக்கு எம்புட்டு நாளாகும்?" என்றார். ஆறு மாசம்கூட ஆகலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "ஆர்டர் குவிஞ்சு கிடக்கும்மா. ஒங்க இடத்துல ஆள் போடாம முடியாது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அன்று சாயங்காலம் வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தேன். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பாண்டிமீனாவும் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தாள். ஞானதீபம் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவுகதான் தங்கச்சியா?"

"ஆமா, கூடப்பொறந்தவ" என்றாள் பாண்டிமீனா, கண் இமைக்காமல்.

மூன்றாம் தடவையே கட்டு சரியாக வந்துவிட்டது. இழுப்பு ஒரே சீராக இருக்கிறதே என்று நர்ஸ் பாராட்டினார். "குழாய்க்குத் தாள் சுத்திப் பழகுன கைம்மா" என்றாள். புண் ஆறிய பிறகு ஆயுசுக்கும் ஓர் இறுக்கமான நைலான் காலுறை போட வேண்டியிருக்கும் என்று ஞானதீபம் சொன்னார். உரசினால் பொறி பறக்கும் என்று எங்கள் கம்பெனிக்குள் நைலான் சேலைக்கே அனுமதி கிடையாது, பருத்தி மட்டும்தான். நானும் பாண்டிமீனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆறினாலும் அந்த அறைக்கு நான் திரும்பிப் போவது கஷ்டம் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது.

பஸ்ஸில் வரும்போது அவளுக்குத்தான் அந்தச் சந்தேகம் வந்தது.

"கட்டுற வரைக்கும் எந்திரிக்கவே கூடாதுன்னா கதவ யாருக்கா திறப்பா?"

அம்மாவின் சாவி மூன்று வருடமாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுத்தேன்.

"உள்தாழ்ப்பாள் போட்டுறாதீக" என்றாள். பிறகு தயங்கினாள். "காலையில புள்ளைகளக் கிளப்பணும், சோறு பொங்கணும். தெனமும் முடியுமான்னு தெரியலக்கா. பாக்குறேன்."

எங்கள் ஊரில் முடியாது என்பதைத்தான் மரியாதையாகப் பாக்குறேன் என்று சொல்வோம்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்திருந்தேன். வெளிச்சம் வந்ததும் என் பாதம் தெரிந்தது. ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பார்க்கிறேன். நகம் வளர்ந்து வளைந்திருந்தது, குதிகால் வெடித்திருந்தது. யாருமே கவனிக்காத கால் என்று பார்த்ததும் தெரிந்தது, நானும்தான் கவனிக்கவில்லை. பாவமாக இருந்தது.

ஆறு மணி ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. எழுந்தால் கட்டிப் பயனில்லை. ஆறரைக்கு அவள் வர மாட்டாள் என்று முடிவு செய்தேன். எதற்கு வர வேண்டும்? அவள் பிள்ளைகள் நம்பியிருந்த உயிரோடு மூன்று மாதம் விளையாடியவள் நான். இன்னும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்று இருந்தேன். பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

மூன்று வருடத்தில் என் வீட்டுக் கதவை இன்னொரு ஆள் திறந்தது அன்றுதான்.

"எந்திரிச்சுட்டீகளா?" என்று மூச்சு வாங்கக் கேட்டுக்கொண்டே வந்தாள். தலையில் ஈரத்துண்டு. இல்லை என்றேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விரலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள்.

"இறுக்கமா இருக்காக்கா?"

"சரியா இருக்கு."

"இன்னைக்கு ஒங்க இடத்துக்குப் புதுசா ஒருத்தி வாராளாம்."

"நல்லாப் பாத்துக்கோ. வேர்வ சொட்டுனா எந்திரிச்சுப் போகச் சொல்லு."

"சொல்லுதேன்."

தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. கடைசிச் சுற்றை முடித்து, கட்டு அவிழாமல் கிளிப்பைக் குத்தினாள். சாவியை டிவி மேல் வைத்துவிட்டு, "வாரேங்க்கா" என்று ஓடினாள்.

சாவியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு நாள் வந்தாள், அதுவே பெரிது. அவள்மேல் கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை, ஆனாலும் கோபம் வந்தது. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். சண்டை போட வருகிற வாய்க்குக் கேட்க வரவில்லை. நாளைக்கு மறுபடி சன்னல் கம்பியில் கட்டிச் சுழற்ற வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

வேன் இரண்டாம் முறை ஹாரன் அடித்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாண்டிமீனா உள்ளே ஓடி வந்தாள்.

"சாவிய வச்சுட்டே போயிட்டேன் பாருங்க. நாளைக்கு எப்படி உள்ள வருவேன்? கம்பெனிக்குள்ளதான் இரும்பக் கொண்டு போகக் கூடாது, கேட்டுல குடுத்து வச்சுக்கிறேன்."

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே ஓடினாள். வேன் கிளம்பிப் போனது. நான் மெதுவாக எழுந்து பாத்ரூமுக்குப் போனேன்.